உள்ளங்கையில் ஒரு முட்டை

வேலை நிமித்தம் பெய்ஜிங்கில் இரண்டு வருஷம் இருந்தேன். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சீனத் தூரிகையெழுத்து வகுப்பில் சேர்ந்தேன். முப்பது வருஷம் பேனா பிடித்தவனுக்குத் தூரிகை என்ன பிரமாதம் என்கிற நினைப்பு வேறு.

முதல் நாள் தூரிகையைப் பேனா மாதிரியே சாய்த்துப் பிடித்தேன். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். காட்சி மாறவில்லை.

தூரிகை செங்குத்தாக நிற்க வேண்டுமாம். கட்டைவிரல் உள்ளிருந்து அழுத்தும். ஆள்காட்டி விரல் எதிரே நின்று தாங்கும். நடுவிரல் கொக்கியாக வளைந்து இழுக்கும். மோதிர விரல் நகப்பக்கத்தால் வெளியே தள்ளும். சுண்டுவிரல் தூரிகையைத் தொடவே தொடாது, மோதிர விரலுக்கு முட்டுக் கொடுக்கும். (எங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு.) தாங் வம்சக் காலத்திலிருந்து சொல்லிவரும் முறை இது. ஒவ்வொரு விரலின் வேலைக்கும் தனிப் பெயர் இருக்கிறது. பெரிய எழுத்து என்றால் முழங்கையும் மேஜையில் படக்கூடாது.

விரல்கள் உறுதியாக, உள்ளங்கை மட்டும் காலியாக இருக்க வேண்டும். "உள்ளே ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். என் கற்பனையில் எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டில் நிஜ முட்டையையே வைத்துப் பழகினேன். "அவிச்ச முட்டைய வச்சுப் பழகினா ஆகாதா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான யோசனைதான். மூன்றாவது முட்டை உடைந்த பிறகு சொன்னாள்.

'ஓநாய் முடி' என்று சொல்லி விற்ற தூரிகை ஒன்றும் வாங்கினேன். ஓநாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கீரிப்பிள்ளைச் சாடையில் இருக்கும் ஒரு சின்னப் பிராணியின் வால் முடியாம். அதைக் கொண்டு 'யோங்' என்ற எழுத்தை மூன்று மாதம் எழுதினேன். அடிப்படைக் கோடுகள் எட்டும் அந்த ஒரே எழுத்தில் அடக்கம் என்பதால் எல்லோருக்கும் அதுதான் பாடம். அதற்கு 'என்றென்றும்' என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நாலாம் நூற்றாண்டு மேதை வாங் ஷிஜி, எழுதிக்கொண்டிருந்த தன் சின்ன மகனின் பின்னால் ஓசைப்படாமல் வந்து தூரிகையைப் பிடுங்கிப் பார்த்தாராம். வரவில்லை; பையன் பெரிய ஆளாவான் என்று அப்போதே சொல்லிவிட்டார். எங்கள் வாத்தியாரும் என் பின்னால் வந்து இழுத்தார். தூரிகை வழுக்கிக்கொண்டு போனது, என் கன்னத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு. அன்றைக்கு நான் போட்டதில் அதுதான் நேரான கோடு. மறுவாரம் இரும்புப் பிடியாகப் பிடித்தேன். அவர் இழுத்தார். நாற்காலியோடு நானும் போனேன்.

அப்புறம்தான் சோங் காலத்துக் கவிஞர் சு தோங்போ எனக்குத் துணைக்கு வந்தார். பிடியின் பலம்தான் எழுத்து என்றால் உலகத்துப் பலசாலிகளெல்லாம் நன்றாக எழுத வேண்டுமே என்று அந்தக் கதையை மறுத்தவர் அவர். தூரிகை பிடிக்க ஒரே விதி கிடையாது என்றும் சொன்னவர். அவர் பிடித்ததே ஏறக்குறைய பேனா பிடிதான்! என் அரைகுறைச் சீனத்தில் வாத்தியாரிடம் இதை எடுத்து வைத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சு தோங்போவின் எழுத்து கல்லுக்கடியில் நசுங்கிய தவளை மாதிரி இருக்கிறதென்று அவருடைய நண்பர் ஹுவாங் திங்ஜியான் கேலி செய்தார், தெரியுமா?" என்றார். பிறகு என் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதில் தவளையைக் காணோம். கல் மட்டும்தான் இருக்கிறது."

அந்தத் தூரிகை இப்போதும் என்னிடம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் தரத் தயார். முட்டையை நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.