பாப்பாவுக்கு என்ன குறை?

"எங்க பாப்பாவுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?"

சென்னையின் பெரிய இடத்துப் பெற்றோர்கள் பள்ளி முதல்வரின் ஏ.சி. அறையிலும், மனநல ஆலோசகரின் சோபாவிலும், கிளப் வராந்தாவிலும் உட்கார்ந்து ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள். மரியாதைக்காவது பதில் சொல்லிவைப்போம்.

முதலில் சொத்துப் பட்டியல். பாப்பாவுக்கு வயது பதினான்கு. போட் கிளப் பக்கம் வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சர்வதேசப் பள்ளி. கட்டணம் லட்சத்தில்தான் பேச ஆரம்பிக்கும். கணக்குக்கு ஒரு மாஸ்டர், ஃப்ரெஞ்சுக்கு ஒரு மிஸ், டென்னிசுக்கு ஒரு கோச், பரதத்துக்கு ஒரு டீச்சர். கொண்டுவிட ஒரு டிரைவர், கூட்டிவர இன்னொரு டிரைவர். சமைக்க ஒருவர், ஊட்ட ஒருவர், சாப்பிட்டாளா என்று அம்மாவுக்கு வாட்ஸப் அனுப்ப ஒருவர். இத்தனை பேரில் சம்பளம் வாங்காமல் பாப்பாவை நேசிக்கும் ஜீவன் எது என்று தேடினால், வீட்டு நாய் ஒன்றுதான் தேறும். அந்த நாயோடு நடக்கவும் மாதச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

அப்பா அம்மா இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள். அப்பா சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் குட்நைட் சொல்கிறார். அம்மா ஆதரவற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்டும் விருந்தில் இருக்கிறார். பாப்பாவின் அரங்கேற்றத்தன்று இருவருமே மூன்று மணி நேரம் முழுதாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மந்திரி இருந்தார்.

இந்தப் பாப்பாவை எந்த வீட்டில் பார்த்தேன் என்று துப்பறிய வேண்டாம். அவள் ஒருத்தி அல்ல. அவள் ஒரு வர்க்கத்தின் வளர்ப்பு முறை.

பாப்பா நல்ல பெண் என்று சொல்லப்போவதில்லை. தாத்தா வயது டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தோசை முறுகலாக இல்லையென்றால் தட்டு பறக்கும். ஷூ நாடாவைக் குனிந்து கட்ட அவளுக்குத் தெரியாது. காலை நீட்டத் தெரியும். புது டியூஷன் மிஸ்ஸை ஒரே வாரத்தில் அழவைத்து அனுப்பிய பெருமையை வகுப்பில் சொல்லிச் சிரிக்கிறாள். "கொழுப்பு" என்கிறது சமையலறை. "அட்டிட்யூட் இஷ்யூ" என்கிறது பள்ளி. "லீடர்ஷிப் குவாலிட்டி" என்கிறார் அப்பா.

மூன்றுமே தப்பு. தன்னைச் சுற்றிச் சிரிக்கும் முகங்கள் சம்பளத்துக்குச் சிரிக்கின்றனவா, தனக்காகச் சிரிக்கின்றனவா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சோதிக்க அந்த வீட்டில் அவள் கற்ற வழி ஒன்றே ஒன்று: அழவைத்துப் பார்ப்பது. எவ்வளவு அழவைத்தாலும் போகாமல் நிற்பவர் தன்னவர். ஆனால் மறுநாளும் வந்து நிற்பவர், ஒன்றாம் தேதிக்காக நிற்கிறாரோ என்னவோ! சோதனை முடிவதே இல்லை. வேலையாட்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

பாப்பாவின் பிறந்தநாளை ஒருமுறை கிட்டே போய்ப் பார்ப்போம். நட்சத்திர ஓட்டல் ஹாலில் ஈவென்ட் மேனேஜர், பலூன் வளைவு, மூன்றடுக்கு கேக், வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ரிட்டர்ன் கிஃப்ட். அழைப்புப் பட்டியலைத் தயாரித்தது அப்பாவின் அலுவலகம். ஆகவே பாப்பாவின் தோழிகளைவிட அப்பாவின் வங்கி மேலாளர்கள் அதிகம். கத்தியைக் கேக்கில் இறக்கிய பாப்பா முதல் துண்டை எடுத்துக்கொண்டு நிமிர்கிறாள். கண் கூட்டத்தைத் துழாவுகிறது. சுவரோரம், எல்லோருடைய கைப்பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் ஆயா அக்கா. பாப்பா இரண்டடி எடுத்து வைப்பதற்குள் அம்மாவின் கை மணிக்கட்டைப் பிடிக்கிறது. "போட்டோகிராபர் வெயிட் பண்றார். முதல்ல டாடிக்கு." துண்டு டாடியின் வாய்க்குப் போகிறது. டாடி கேமராவைப் பார்த்து மெல்லுகிறார். அந்த ஆல்பத்தில் ஆயா அக்கா ஒரு படத்திலும் இல்லை. அவர் தோளில் தொங்கிய பைகள் மட்டும் இரண்டு படங்களில் ஓரமாக விழுந்திருக்கின்றன.

யார் இந்த ஆயா அக்கா? பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். ஒரு காலத்தில் நகரத்துக்குள், கால்வாய்க் கரையில் குடியிருந்தவர். நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று வீட்டை இடித்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய்க் கொட்டிய கூட்டத்தில் ஒருவர். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னை தன் உழைப்பாளிகளைக் குவித்து வைத்திருக்கும் இடங்களிலிருந்து விடியலில் கிளம்பும் பஸ்களில் ஏறிப் பாருங்கள். நகரத்தின் பாசம் முழுவதும் நின்றுகொண்டே பயணம் செய்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த மட்டில் அரசுக்கு நன்றி.

ஆயா அக்கா கிளம்பும்போது அவருடைய மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணுக்கும் பதினான்கு வயதுதான். அடுத்தவர் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு வரும் அம்மாவுக்கு, சொந்த மகளின் தலையில் பேன் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும், ஞாயிறு லீவு கிடைத்தால். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார்கள். சரிதான். பெரும்பாக்கத்தில் பிள்ளைகள் தானேதான் வளர்கிறார்கள்.

ஆக, பாப்பாவுக்குக் கிடைக்கும் துளிப் பாசமும் திருட்டுச் சொத்து. ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் ஊற்றியது. அதையாவது நிலைக்க விட்டார்களா? ஒருநாள் காய்ச்சலில் பாப்பா "அம்மா" என்று முனகியபோது கை ஆயாவின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்தது. அடுத்த வாரமே கணக்குத் தீர்த்துவிட்டார்கள். "ரொம்ப ஒட்டிக்கிட்டா, அது ஹெல்தி இல்லை" என்று காரணம் சொன்னார்கள். பாசம் வைக்கச் சம்பளம். பாசம் வைத்துவிட்டால் டிஸ்மிஸ். இப்படியொரு வேலை விதி வேறெந்தத் தொழிலில் உண்டு?

இது எங்கோ ஒரு வீட்டின் கோணல் அல்ல. இவர்களுடைய பொது இடங்களின் நியாயமும் இதேதான். 2017 ஜூனில் தில்லி கோல்ஃப் கிளப்பில், விருந்தாளியாக வந்து உட்கார்ந்த ஒரு மேகாலயப் பெண்ணை எழுந்து போகச் சொன்னார்கள். அவர் ஒரு குடும்பத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். தம் மக்களின் பாரம்பரிய உடையான ஜைன்செம் அணிந்திருந்தார். வேலைக்காரி மாதிரி இருக்கிறார் என்பது குற்றம். நாடே காறித் துப்பிய பிறகு கிளப் வருத்தம் தெரிவித்தது. நம் சென்னை சளைத்ததா? 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சேப்பாக்கம் கிளப் ஒன்று வாசலில் நிறுத்தியது. சட்டசபை கொதித்தது, அதே ஆண்டில் சட்டமும் வந்தது. இந்திய மரபு உடை எதையும் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆயா அக்கா கட்டியிருப்பதும் மரபு உடைதான். ஆனால் அவரைச் சாப்பாட்டு மேசைக்கு வெளியே நிறுத்துவது உடை அல்லவே.

பாப்பாவின் ஏக்கத்துக்கு விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். கம்பியால் செய்த தாயிடம் பால் புட்டி இருந்தது. துணி சுற்றிய தாயிடம் பால் இல்லை. குட்டிகள் கம்பித் தாயிடம் போய்ப் பாலைக் குடித்துவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. 1958இல் இதை அவர் உலகத்துக்குச் சொன்னார். குரங்குக் குட்டிக்கு அன்றே விளங்கியது, பிளாட்டினம் கிரெடிட் கார்டு வைத்திருக்கும் கம்பித் தாய் தந்தையருக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொருவர் சுனியா லூதர். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த உளவியலாளர். வறுமையில் வளரும் பிள்ளைகளை ஆராயப் போனவர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பணக்காரப் புறநகர்ப் பள்ளியின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். 1999இல் வெளியான அந்த ஆய்வில், போதைப் பழக்கமும் பதற்றமும் பணக்காரப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தன. அடுத்தடுத்த ஆய்வுகளில், சாதித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி, பெற்றோரிடமிருந்து விலகிப்போன தனிமை ஆகிய இரண்டையும் காரணமாகக் காட்டினார். அவர் கண்ட இன்னொன்றையும் கேளுங்கள்: தாய் தந்தையரில் ஒருவரோடாவது தவறாமல் இரவு உணவு சாப்பிடும் பிள்ளைகள் மேலான நிலையில் இருந்தார்கள். இதற்கு நன்கொடை வேண்டாம், சர்வதேசப் பாடத்திட்டம் வேண்டாம். ஒரு தட்டும் அரை மணி நேரமும் போதும்.

அரை மணி நேரம் கொடுக்க மனமில்லாதவர்கள், பிள்ளை ஊரைக் கெடுத்துவிட்டு வந்தால் மட்டும் உயிரையே கொடுப்பார்கள். 2013இல் டெக்சாஸில் குடித்துவிட்டு வண்டியோட்டி நாலு பேரைக் கொன்ற பதினாறு வயதுப் பணக்காரப் பையனுக்காக வந்த உளவியல் சாட்சி, அவனுக்கு "அஃப்ளூயென்சா" இருப்பதாகச் சொன்னார். அதாவது பணக்காரக் காய்ச்சல். செல்லம் கொடுத்தே வளர்த்ததால் நல்லது கெட்டது தெரியாத வியாதி. அவனுக்குச் சிறையில்லை, பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அதையும் மீறியவனைக் கூட்டிக்கொண்டு அம்மா மெக்சிகோவுக்கு ஓடினார். வடசென்னை வியாசர்பாடியில் செல்போன் பறித்த பதினாறு வயதுப் பையனுக்கு இந்த வியாதி வந்ததாக எந்த டாக்டரும் இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை.

நம் ஊர்க் கதை இன்னும் விசேஷம். 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. ஜாமீனுக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு சொல்லில் கட்டுரை. மகனின் ரத்த மாதிரிக்குப் பதிலாக அம்மாவின் ரத்தத்தை வைத்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. அம்மாவையும் கைது செய்தார்கள். குற்றச்சாட்டை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதைப் படித்ததும் பாப்பாவுக்கு என்ன தோன்றும்? தாய்ப்பாசம் என்றால் இதுதான் போலிருக்கிறது, இவ்வளவு செய்தால்தான் அம்மா வருவாள் போலிருக்கிறது என்றுதானே!

அரசாங்கம் என்ன செய்கிறது? எழுதி வைத்திருக்கிறது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாப்பாவும் ஆயா அக்காவின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். சம்பளம் வாங்காத ஒரு தோழியாவது பாப்பாவுக்குக் கிடைத்திருப்பாள். ஆனால் "மிக்ஸ் ஆகாது" என்று முதலில் முகம் சுளித்தவர்கள் பெற்றோர்கள்தான். தனிமையைக் கட்டணம் கட்டி வாங்கிவிட்டு, பிள்ளை தனிமையில் வாடுகிறது என்று கவுன்சிலருக்கும் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஆயா அக்காவின் கதை? தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. வீட்டு வேலையும் வேலைதான் என்று சொல்லும் சர்வதேச ஒப்பந்தம் 2011இல் உருவானது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. அவர்களுக்கென ஒரு தேசியச் சட்டம் வேண்டுமா என்று பார்க்கக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வாரலீவு, வேலை நேரம், நினைத்தபோது வெளியே தள்ளாத பாதுகாப்பு என்று மற்ற தொழிலாளிக்குக் காகிதத்திலாவது இருப்பவை, நம் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்குக் காகிதத்திலும் இல்லை.

இனி பதிலுக்கு வருகிறேன். பாப்பாவுக்கு என்ன குறை வைத்தீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? உங்களைத்தான் குறை வைத்தீர்கள். அந்தக் குறையை மூட இன்னொரு குழந்தையின் அம்மாவைச் சம்பளத்துக்கு எடுத்தீர்கள். அவரும் ஒட்டிக்கொண்டபோது அறுத்தெறிந்தீர்கள். இரண்டு பிள்ளைகளைத் தாயில்லாமல் ஆக்கிவிட்டு, ஒருத்திக்கு "அட்டிட்யூட்" என்றும் மற்றவளுக்கு "அந்த ஏரியாப் பொண்ணு" என்றும் பேர் வைத்தீர்கள்.

கவுன்சிலர் வேண்டாம், குதிரையேற்றம் வேண்டாம், ஸ்விட்சர்லாந்து சம்மர் கேம்ப்பும் வேண்டாம். அடுத்து வந்த ஆயாவுக்காவது ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தோடு லீவு கொடுங்கள். டிரைவருக்கும் சமையல்காரருக்கும் சேர்த்தே கொடுங்கள். தோசையை நீங்களே சுடுங்கள். கருகினால் பாப்பா தட்டை எறிவாள், எறியட்டும், பொறுக்கி எடுங்கள். அன்றைக்குப் பெரும்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அம்மா கிடைப்பார். உங்கள் மகளுக்கும், வேறு வழியே இல்லாமல், நீங்கள் கிடைப்பீர்கள்.