ஜி 310 ஜி.எஸ். ஓசூர் மீண்டமை: ஓர் ஆய்வு

சாகச மோட்டார் சைக்கிள் எனப்படுவது எங்கும் போகவல்லது. ஆயினும் பெரும்பாலும் பெங்களூரு அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் உறை போர்த்தி நிற்பது. அவற்றுள் பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ். என்னும் வகையைப் பழைய வண்டியாக வாங்குதல், வாங்கியதை ஓசூருக்குக் கொண்டுவருதல், கொண்டுவந்ததை ஓட்டுதல் ஆகிய மூன்றும் இவ்வாய்வின் பொருள். ஆய்வின் எல்லை வடக்கே ஜூஜூவாடி, கிழக்கே கிருஷ்ணகிரி, தெற்கே அஞ்செட்டி. மேற்கெல்லையை யானைகள் ஆண்டுதோறும் திருத்தி வரைவதால் ஆய்வாளர் அதில் தலையிடவில்லை.

முதன்மைத் தரவுகள் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளிலும் மெக்கானிக் பட்டறைகளிலும் டீக்கடைகளிலும் திரட்டப்பட்டன. தகவலாளிகள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளிலும் தாராளமாகப் பேசினர். விலை சொல்லும் இடம் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தி, செல்போனில் எண்ணைத் தட்டிக் காட்டினர்.

இயல் ஒன்று: வமிசாவளி

1980ஆம் ஆண்டில் இரண்டு பிறப்புகள் நிகழ்ந்தன. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டது. ஏறத்தாழ 800 சிசி. தார்ச்சாலையிலும் ஓடும், மண்பாதையிலும் ஓடும். அடுத்த ஆண்டே யூபேர் ஓரியோல் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வகை வண்டியில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். அதே 1980இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 பிறந்தது. 50 சிசி, இருவர் உட்காரத்தக்க முதல் இந்திய மொபெட். இதில் ஏறி யாரும் சகாராவைக் கடந்ததாகச் செய்தி இல்லை. ஆனால் கணவன், மனைவி, கைக்குழந்தை, சூளகிரிச் சந்தைக்கு இரண்டு கட்டுக் கொத்தமல்லி ஆகிய அனைத்தையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு ஓரியோல் கனவிலும் போயிருக்க மாட்டார். மேலைநாட்டு வரலாற்றாசிரியர்கள் முதல் பிறப்பை மட்டும் குறித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டனர். இக்குறையைக் களைவது இவ்வாய்வின் துணை நோக்கம்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரலில், இரு குலங்களுக்கும் சம்பந்தம் பேசி முடிந்தது. 500 சிசிக்குக் குறைந்த வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது என்பது உடன்பாடு. மியூனிக்கில் வடிவமைப்பு, ஓசூரில் உற்பத்தி. அந்த மரபில் வந்த ஜி 310 ஜி.எஸ். 2018 ஜூலையில் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஷோரூம் விலை 3 லட்சத்து 49 ஆயிரம். உடன்பிறப்பான அப்பாச்சி ஆர்.ஆர். 310 அதே என்ஜினோடு 2017 டிசம்பரிலேயே 2 லட்சத்து 5 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. ஒரே தொழிற்சாலை, ஒரே என்ஜின். தொட்டியில் ஒட்டிய முத்திரையும் சக்கரங்களும் வேறு. இந்த விலை வித்தியாசத்தில் முத்திரையின் பங்கு எவ்வளவு என்பது பொருளியல் துறையினர் ஆராய வேண்டியது.

இயல் இரண்டு: பின்னோக்கிய என்ஜினும் ஒற்றைக்கால் நிலையும்

ஒற்றை சிலிண்டர், 313 சிசி, 34 குதிரைத்திறன், தண்ணீரால் குளிர்வது. இதுவரை வியப்பில்லை. பெரும்பாலான பைக்குகளில் என்ஜின் இருக்கைப் பக்கமிருந்து காற்றை வாங்கும். புகைக்குழாய் அதன் முகத்திலிருந்து இறங்கி, வயிற்றுக்கு அடியில் வளைந்து, பின்சக்கரத்தருகே சைலன்சரைச் சேரும். இந்த வண்டியில் எல்லாம் தலைகீழ். சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. காற்று முன்னால் நுழைகிறது, புகை பின்னால் போகிறது. இதனால் என்ஜினின் எடை முன்னோக்கி நகர்கிறது. வண்டியின் மொத்த நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக வைக்க முடிகிறது. அதனால் ஓட்டம் நிலைபெறுகிறது. இது பொறியாளர் தரும் விளக்கம்.

கிருஷ்ணகிரிப் பட்டறை ஒன்றில் இதற்கு வேறு விளக்கம் கிடைத்தது. மெக்கானிக் வண்டியின் முன்பக்கம் குனிந்து வெகுநேரம் தேடினார்.

“பெண்டு பைப்பு எங்கண்ணா? பழைய ஓனர் கழட்டி வித்துட்டானா?”

உடன் வந்த புரோக்கர் கணப்பொழுதில் சுதாரித்து, இதைச் சொல்லியே விற்பவரிடம் விலையைக் குறைக்கலாம் என்று காதில் ஓதினார். மியூனிக் பொறியாளர்கள் பல ஆண்டு உழைத்துக் கண்ட புதுமைக்கு இந்த வட்டாரத்தில் இப்படியும் ஒரு பயன் உண்டு.

இருக்கை உயரம் 835 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 170 கிலோ. நம்மவர்களில் பலருக்கு இரு பாதங்களும் ஒருங்கே தரையில் படா. எனவே சிக்னலில் வண்டியை இடப்பக்கம் சாய்த்து ஒற்றைக்காலில் நிற்கும் தவக்கோலம் தவிர்க்க முடியாததாகிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒருவர் இதே நிலையில் நிற்கிறார். அவர் பாசுபதம் வேண்டும் அர்ச்சுனனா, கங்கையை வேண்டும் பகீரதனா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்பவர் பச்சை விளக்கை வேண்டித்தான் நிற்கிறார் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

இயல் மூன்று: விற்பவர் வாக்கும் கொடியின் சாட்சியும்

விற்பவர் பெரும்பாலும் மென்பொருள் துறையினர், பெல்லந்தூரிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ குடியிருப்பவர். அவர் சொல்வது மூன்றே வாக்கியங்கள். “வீக்கெண்ட் மட்டும்தான் ப்ரோ ஓட்டினேன்.” இது உண்மை, பேட்டரி இறந்துகிடப்பதே சான்று. “கம்பெனி சர்வீஸ் மட்டும்தான்.” இதற்குப் பில் உண்டு, பில்லைப் பார்த்தால் அவர் ஏன் விற்கிறார் என்பதும் விளங்கும். “ஒரே ஒரு லே ட்ரிப்.” இந்த மூன்றாவது கூற்றைத்தான் ஐயத்தோடு அணுக வேண்டும்.

லே போனதற்கு அத்தாட்சியாகக் கைப்பிடியில் ஐந்து நிறத் திபெத்திய ஜபக்கொடி கட்டியிருப்பார்கள். கொடிகளை ஒப்புநோக்கியதில் ஆய்வாளர் ஒரு விதியைக் கண்டடைந்தார். நிறம் வெளுத்து ஓரம் நைந்திருந்தால் அந்தக் கொடி கர்துங் லா காற்றில் ஆடியது. நிறம் மாறாமல் கரும்புகை மட்டும் படிந்திருந்தால் அது பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதில்லை. கிராஷ் கார்டுச் சிராய்ப்பும் இவ்வாறே பேசும். சிராய்ப்பு இடப்பக்கம் மட்டும் என்றால் வண்டி நின்ற நிலையில் சாய்ந்தது, இது முன் இயலில் கூறிய கால் எட்டாமைக் கொள்கைக்கு அரண் சேர்க்கிறது. இரு பக்கமும் என்றால் ஓட்டியவர் உண்மையிலேயே எங்கோ போயிருக்கிறார். அவரிடம் மரியாதையாகப் பேச வேண்டும்.

பேரத்தில் 2018ஆம் ஆண்டு வண்டிக்கும் 2020ஆம் ஆண்டு வண்டிக்கும் இடையில் ஒரு சோக வரலாறு உண்டு. 2020 அக்டோபரில் பி.எஸ்.6 விதிக்கேற்ப மாற்றிய புது ஜி.எஸ். வந்தது. எல்.இ.டி. முகவிளக்கு, சற்று மேம்பட்ட கிளட்ச், மின்னணு த்ராட்டில் என்று வசதிகள் கூடியிருந்தன. விலையோ 2 லட்சத்து 85 ஆயிரம். வசதி கூட, விலை 64 ஆயிரம் குறைந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை எல்லா வண்டியும் விலை ஏறும் நாட்டில் இப்படி நடக்கும் என்று 2018இல் வாங்கியவர் நினைத்திருக்க மாட்டார். அவரிடம் பேரம் பேசும்போது இந்த எண்ணை உரக்கச் சொல்லலாகாது. செல்போனில் தட்டிக் காட்டினால் போதும்.

இயல் நான்கு: பிறந்த வீடும் படிவம் 28உம்

ஆய்வின் நடுநாடி இதுவே. ஓசூர் கன்சல்டிங் கடைக்காரர் ஒருவர் வண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “சார், சிங்கிள் ஓனர், ரெக்கார்டு பக்கா, டயர் புதுசு. ஒன்னே ஒன்னுதான், கே.ஏ. நம்பர்.” அந்த ஒன்றிலிருந்து மற்ற எல்லாம் கிளைக்கின்றன.

வண்டி பிறந்தது ஓசூரில். சேஸிஸ் எண்ணைப் பொறித்ததும் இங்கேதான். பிறகு எல்லை தாண்டிப் பெங்களூரு போய்க் கர்நாடகப் பதிவெண் பெற்றது. அந்த மாநிலத்தின் ஆயுள் வரி, நாட்டிலேயே கடுமையான வரிகளில் ஒன்று, அதையும் கட்டியது. இப்போது திரும்பி வருகிறது. சீர்வரிசையோடு கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து உள்ளே அழைப்போம். இந்தப் பெண்ணிடம் மட்டும் வாசலிலேயே நிறுத்திப் புகுந்த வீட்டிலிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கி வந்தாயா என்று கேட்கிறோம். அந்தக் கடிதம்தான் என்.ஓ.சி.; அதற்கு விண்ணப்பிப்பது படிவம் 28. விற்றவர் அறிவிக்கப் படிவம் 29, வாங்கியவர் விண்ணப்பிக்கப் படிவம் 30. கடனில் வாங்கிய வண்டியாயின் அது தீர்ந்ததைச் சொல்லப் படிவம் 35. புதுப் பதிவெண் கோரப் படிவம் 27. இத்தனையும் முடிந்து, தமிழ்நாட்டுக்குரிய வரியையும் கட்டினால் டி.என். 70 என்று தொடங்கும் ஓசூர் எண் கிடைக்கும். பெங்களூருவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பப் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. புரோக்கர்கள் இதைக் கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு டீ சொல்கிறார்கள்.

இந்தச் சடங்கின் உச்சக்கட்டம் சேஸிஸ் எண்ணைத் தாளில் படியெடுத்தல். எண் பொறித்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வருகின்றன. கல்வெட்டுத் துறையினர் காலங்காலமாகச் செய்வதும் ஏறத்தாழ இதுதான். அங்கே மன்னன் பெயர் வரும். இங்கே ஓசூர்த் தொழிற்சாலையில் பொறித்த எண், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேசைமீது, வெளிமாநிலத்து வண்டி என்பதற்கு ஆதாரமாக வந்து விழுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் புதுப் பதிவெண் வேண்டும் என்கிறது. இந்த வரிக்கு ஓசூரில் இரு உரைமரபுகள் தோன்றியுள்ளன. பன்னிரண்டு மாதமும் வண்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக ஓடும் என்பது ஒரு சாரார் கொள்கை. அற்றன்று, வாரந்தோறும் எல்லை தாண்டி அத்திப்பள்ளி போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இரண்டாம் மரபினர் காபிக்கடை ரசீதைப் பர்சில் வைத்திருக்கிறார்கள். சோதனையில் நிற்கும் போலீஸ்காரர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்பது அன்றன்று தெரியவரும்.

உதிரி பாகங்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பி.எம்.டபிள்யூ பெட்டியில் வரும் பாகமும் டி.வி.எஸ். பெட்டியில் வரும் பாகமும் ஒன்றா, வேறா? ஒன்றே, பெட்டி மாயை என்பவர் ஓசூர் மெக்கானிக்குகள், இவர்கள் அத்வைதிகள். இரண்டும் என்றென்றும் வேறு என்பவர் முத்திரைக்கு மயங்கிய உரிமையாளர்கள்; உடுப்பிப் பக்கத்து மத்வரின் வழியில் துவைதிகள். என்ஜின் உட்பாகங்கள் ஒன்று, மேல்பூச்சும் பிளாஸ்டிக்கும் வேறு, இரண்டும் சேர்ந்ததே வண்டி என்று சமரசம் சொல்பவர்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து மேல்கோட்டையில் பல்லாண்டு வாழ்ந்த இராமானுசர் இரு மாநிலத்துக்கும் பொதுவானவராகையால் இந்த மூன்றாம் தரப்பையே ஆய்வாளர் ஏற்கிறார். பர்சும் அதையே ஏற்கிறது.

இயல் ஐந்து: ஓட்டம்

நெடுஞ்சாலையில் வண்டி நன்றாக ஓடுகிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நிறுத்திய இடத்தில்தான் செய்தி இருக்கிறது. எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் முதல் கேள்வி மைலேஜ். லிட்டருக்கு ஏறத்தாழ முப்பது என்று நிறுவனக் கணக்கைச் சொன்னால் கேட்டவர் முகத்தில் இரக்கம் படர்கிறது. இரண்டாவது கேள்வி, “கார் கம்பெனி பைக்கும் போடுறானா?” தொழிற்சாலை அருகே மட்டும் நிலைமை வேறு. ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய இளைஞர் ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு போல்ட்டின் மேல் விரலை வைத்து, “இது எங்க லைன்ல போட்டதுண்ணா” என்றார். எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று சாவியை நீட்டியதற்கு, கால் எட்டாது என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார். டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில்.

இனிச் சாகசத்துக்கு வருவோம். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக்கு இறங்கும் மலைச்சாலை காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, சானமாவுக் காடுகளுக்கு வந்து தங்குகின்றன. ஜி.எஸ். வண்டியின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 180 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். யானை நிற்கும்போது இந்த எண்ணால் பயன் ஏதும் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பச் சொல்லும் வனத்துறை எச்சரிக்கையே அங்கே கையேடு.

அதே சாலையில், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் நீர்புகா மேலங்கியும் பூண்ட ஜி.எஸ். ஓட்டுநர் குழிகளை அளந்து நின்றுகொண்டிருக்கையில், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் டி.வி.எஸ். 50இன் வழித்தோன்றலான எக்ஸ்.எல். 100இல் கடந்து போகிறார். 99.7 சிசி, ஜி.எஸ்.ஸின் எடையில் ஏறத்தாழ பாதி, நான்கு லிட்டர் தொட்டி. முன்னால் ராகி மூட்டை, பின்னால் பால்கேன், நடுவில் காதில் செல்போனைத் துண்டால் கட்டிய அவர். கேள்வித்தாளை நீட்டியபோது, “தம்பி, வண்டிய ஓரங்கட்டு, பால் திரிஞ்சிடும்” என்ற ஒரே தரவைத் தந்தார். சாலை முடியும் இடத்துக்கு அப்பால் போதல், சுமை தாங்கல், விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தல் ஆகிய அளவைகளைப் பொருத்திப் பார்த்தால் இந்த மாவட்டத்தின் சாகச வண்டி எது என்பதில் ஐயமில்லை. 1980இன் இரண்டாவது பிறப்பு பற்றி முதல் இயலில் கூறியது இதனால் நிறுவப்படுகிறது.

அப்படியானால் ஜி.எஸ். எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். ராயக்கோட்டைச் சாலையில் விடிகாலைப் பனியில், மாந்தோப்புகளுக்கு நடுவே, அந்தப் பின்னோக்கிய என்ஜின் ஏழாயிரம் சுற்றைத் தாண்டும்போது எழுப்பும் ஒலியைக் கேட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இதை அடிக்குறிப்பாகக்கூடச் சேர்க்க இயலாது என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார்.

மேலாய்வுக்குரியவை

ஜி 310 ஜி.எஸ். 2025இல் இந்தியச் சந்தையிலிருந்து விலகிவிட்டது; எனவே இனிக் கிடைப்பதெல்லாம் பழைய வண்டிகளே, கொடிகளின் சாட்சியும் கூடுதல் மதிப்புப் பெறும். அதே ஆண்டு அக்டோபரில் டி.வி.எஸ். தன் சொந்த முத்திரையில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்ற சாகச வண்டியை 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவந்திருப்பதால் கன்சல்டிங் கடைகளில் பழைய ஜி.எஸ். விலை எப்படி அசைகிறது என்பதைத் தனியே ஆராயலாம். நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டிய பி.எம்.டபிள்யூ எஃப் 450 ஜி.எஸ். வண்டியும் ஓசூரில்தான் உருவாகிறது. அது பெங்களூரு போய், உறை போர்த்தி, கொடி கட்டி, விலை இறங்கி, படிவம் 28உடன் திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆகும். அதன் இருக்கை உயரம் 845 மில்லிமீட்டர் என்று அறிவித்திருக்கிறார்கள். இரண்டாம் இயலைத் திருத்தி எழுத வேண்டிவரும்.