முன்சீட்டு அண்ணாச்சி

ஆலங்குளத்து அண்ணாச்சிக்குக் காரின் முன்சீட்டு பரம்பரைச் சொத்து. தீபாவளிக்கு வெடி வாங்க வந்த மதுரை மருமகன் சாவியைப் போடுமுன்னே ஏறி உட்கார்ந்து, "மாப்ள, அந்த மேப்பப் போடுங்க" என்பார். சிவகாசிக்கு வழி அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். மேப் எங்கே தப்புச் செய்கிறது என்று பிடிப்பதற்காகத்தான் அது வேண்டும்.

தப்பு ஊர்ப் பெயரிலேயே தொடங்கிவிடும். புறப்படும் ஊராக ஆலங்குளம் என்று தட்டினால் தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். "அது அந்த ஆலங்குளம். நம்மளது சிமெண்ட் ஆலை ஆலங்குளம்" என்று போனுக்கே விளக்கம் சொல்வார். வெம்பக்கோட்டை தாலுகா என்று சேர்த்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் தொட்டுக் காரியம் முடிப்பதைவிடச் சொல்லி முடிப்பதில்தான் அவருக்கு ருசி.

உண்மையான வழக்கு சர்வீஸ் ரோடு உள்ள பெரிய சாலையில் ஏறியதும் ஆரம்பமாகும். சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டிய இடம் பின்னால் போன பிறகு "இடதுபுறம் திரும்பவும்" என்கிறது குரல்.

"பாத்தீங்களா? டவர் இல்ல."

டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜி.பி.எஸ். சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து நேரே வருகிறது. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால்தான், மேப்புக்கும் புது வழிக்கும் நெட் வேண்டும். ஆனால் வெட்டவெளியிலேகூட போன் சொல்லும் இடம் சுமார் 5 மீட்டர் முன்பின்னாக இருக்கும். மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவே இருப்பதே அவ்வளவுதான். நாம் எந்த ரோட்டில் போகிறோம் என்று அது யோசித்து முடிப்பதற்குள் இறக்கம் போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. 3 விநாடி வாக்கியம் ஒன்று முடிவதற்குள் 50 மீட்டர் காலி.

இந்தக் கணக்கெல்லாம் அண்ணாச்சியிடம் செல்லாது. "அமெரிக்காக்காரன் வேணும்னே தப்பாக் காட்டுறான்" என்பார். இதில் ஒரு வேடிக்கை, அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதம் அதை நிறுத்திவிட்டது. அண்ணாச்சியின் குற்றச்சாட்டு கால் நூற்றாண்டு லேட்.

வைத்தியமும் அவரே பார்ப்பார். போனைப் பிடுங்கி, சூடம் காட்டுவதுபோல மருமகனின் மூக்குக்கு முன்னால் 8 போடுவார். யாரோ சொல்லிக் கொடுத்தது. அது திசைகாட்டியைச் சரிசெய்யும். நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதற்கு உதவும். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் போகிற போக்கை வைத்தே போன் திசையைத் தெரிந்துகொள்ளும். பிறகு போனை டேஷ்போர்டுப் பிள்ளையார்மேல் சாய்த்து வைப்பார். விருதுநகர் வெயிலில், கண்ணாடிக்கு அடியில், கால் மணி நேரத்தில் போன் தோசைக்கல்லாகிவிடும். சூடு ஏறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குரல் இன்னும் பிந்தும்.

எந்தப் பயணத்திலும் கூடலூர்க் கதை உண்டு. 2024 ஜனவரியில் கூகுள் மேப் காட்டிய வழியில் போன ஒரு கார், கூடலூரில் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. போலீசும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீட்டார்கள். நடந்த சம்பவம்தான். சொல்லுந்தோறும் அண்ணாச்சி இரண்டு படி கூட்டுவார்.

அவருடைய சொந்த வழிகாட்டல் எப்படி? "அந்தா, முந்தி அரிசி மில் இருந்துச்சே, அந்த முக்குல திரும்பணும்." மில் இடிந்து போயிற்று, மருமகனுக்கு அது இருந்ததே தெரியாது. "எந்த முக்கு மாமா?" என்று கேட்கும்போது முக்கு பின்னால் போயிருக்கும்.

கடைசியில் பின்சீட்டிலிருந்து பேத்தி எழுந்து வந்தாள். பேட்டரி சேவரை அணைத்தாள். இருப்பிட அனுமதியில் துல்லியமான இடம் என்பது இயங்குவதைச் சரிபார்த்தாள். குரல் காரின் புளூடூத் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் விழித்துக்கொள்வதற்குள் "இடது" போய், "புறம் திரும்பவும்" மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, போனிலேயே பேசவிட்டாள். போனைப் பிள்ளையாரிடமிருந்து விடுவித்து ஏ.சி. காற்று வரும் இடத்தில் மாட்டினாள்.

குரல் இப்போது 500 மீட்டருக்கு முன்பே கணீரென்று ஆரம்பித்தது. அதே நேரத்தில் அண்ணாச்சியும் ஆரம்பித்தார். சிவகாசியில் ஒரு வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாயாசம் தீர்ந்துபோன விவகாரம். பந்தி முடிவதற்குள் திருப்பம் முடிந்திருந்தது.

"பாத்தீங்களா மாப்ள, இப்ப சொல்லவே இல்ல!"