லாபம், ரெண்டு, மூணு…

வாடா அப்பு, திண்ணையில உக்காரு. எலெக்ட்ரானிக் குரூப்பு ஒண்ணோட சேந்து ஆல்பம் போடறியாமே? எட்டுப் பாட்டு, பாட்டுக்கு ஒரு விருந்தாளின்னு உங்க அம்மா சொன்னா. பேருக்கு நடுவுல 'ஃபீச்சரிங்'னு ஒரு வார்த்தை வருமாமே, எனக்கு அது ஒடனே புரிஞ்சுபோச்சு. நம்ம கல்யாண மேளத்துல ஒத்து ஊதறவரு இருக்காருல்ல, அவரு எடம் அது. கன்னம் உப்ப ராத்திரி பூரா ஊதுவாரு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம்னா ஒலகத்துக்கே தெரியும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில்னா கூட்டம் வயலைத் தாண்டி நிக்கும். அவங்களுக்கு ஒத்து ஊதினது யாருன்னு கேளு, ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான். அப்பறம் ஒத்துக்குப் பதிலா கரண்டுல ஓடற சுருதிப் பெட்டி வந்துச்சு. எலெக்ட்ரானிக் மியூசிக்கு நம்ம ஊருக்கு அப்பவே வந்தாச்சுடா. வந்ததும் மொதல்ல ஒரு ஆளோட கூலியத்தான் தின்னுச்சு.

சிரிக்காத. 'என்ஜாய் எஞ்சாமி' கதை தெரியும்ல? 2021 மார்ச்சுல மாஜ்ஜாங்கற கம்பெனி வெளியிட்டுச்சு. அறிவும் தீயும் பாடினாங்க, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல ஒழைச்ச அறிவோட பாட்டி வள்ளியம்மா பட்ட பாடு அந்தப் பாட்டுக்குள்ள இருக்கு. எனக்கு அந்தச் 'சாமி'தான் வேடிக்கை. எங்க காலத்துல பண்ணையாரப் பாத்துத்தான் இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு அப்படிக் கூப்பிடணும். இப்ப அதுக்கு நாப்பது கோடி தடவைக்கு மேல ஒலகமே ஆடுது.

அப்பறம் அந்தப் பாட்ட ரீமிக்ஸ் பண்ண பிரான்சுலேந்து டீஜே ஸ்நேக்கு வந்தாரு. நான் வரப்புல பாத்த பாம்பெல்லாம் தன் சட்டைய உரிச்சுப் போட்டுட்டுப் போகும். இந்தப் பாம்பு பாட்டுக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டுச்சு. அந்த வருஷமே ஆகஸ்டுல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீயும் ராப் பாடற ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, அறிவு இல்ல. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித் அத வெளிப்படையா கேட்டாரு. சத்தம் பெருசானப்பறம் அறிவுக்குன்னு தனியா ஒரு அட்டை போட்டாங்க. பந்தி முடிஞ்சு எலையெல்லாம் எடுத்தப்பறம், சமைச்சவர கூப்பிட்டுத் தனி எல போடறதுல்லியா, அந்த மாதிரி. மறு வருஷம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல பாட்டு இருந்துச்சு, அறிவு மேடையில இல்ல. 2024ல சந்தோஷ் நாராயணனே, பாட்டுலேந்து சல்லிக் காசு வரலன்னு வீடியோ போட்டாரு. கம்பெனி பக்கத்துக் கணக்கு வேறயா இருக்கும், அந்தச் சேத்துல நான் கால் வைக்கல.

எனக்குத் தெரிஞ்சது களத்துமேட்டுக் கணக்கு. எங்க அப்பா வாரத்துக்கு உழுதவரு. நெல்லு அளக்கறப்ப 'ஒண்ணு'ன்னு சொல்லமாட்டாங்க, 'லாபம்'னு ஆரம்பிப்பாங்க. அப்பறம் ரெண்டு, மூணு. பன்னெண்டு மரக்கா ஒரு கலம். யாருக்கு லாபம்னு யாரும் கேக்கமாட்டான். மரக்கா காரியஸ்தரோடது, அளக்கற கை அவரோடது, நோட்டும் அவரோடது. முதுகு மட்டும் நம்மளோடது. 1952ல தஞ்சாவூருக்குன்னே ராஜாஜி சர்க்கார் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட்டு, வாரத்துக்கு உழறவனுக்கு அஞ்சுல ரெண்டு பங்குன்னுச்சு. அது ஒண்ணும் தானா வரல, செங்கொடி புடிச்சவன் அடி வாங்கினதுல வந்தது. அதே மாதிரி உங்க தொழிலுக்கு 2012ல காப்புரிமைச் சட்டத்தத் திருத்துனாங்க. சினிமாப் பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டிய கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாலும் செல்லாது. இதெல்லாம் உன் தங்கச்சி போன்ல படிச்சுக் காமிச்சா, நீ படிச்சிருக்க மாட்டே.

அதனால நடவுக்கு முன்னாடியே பங்கப் பேசிப்புடு. மெட்டு யாரு, வரி யாரு, கொட்டு யாரு, ஆளுக்கு எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கு. 'நமக்குள்ள என்னண்ணே கணக்கு'ன்னு ஒருத்தன் தோள்ல கை போட்டான்னா, அவன் இன்னொரு கை எங்க இருக்குன்னு பாரு. பாடகி எம்.ஐ.ஏ. 2007ல 'கலா'ன்னு ஆல்பம் போட்டாங்களே, அதுக்கு மெட்ராஸ்ல உறுமிக்காரங்கள வச்சுக் கொட்டச் சொல்லிப் பதிவு பண்ணுனாங்க. ஆல்பம் கண்டம் விட்டுக் கண்டம் போச்சு. அந்த உறுமிக்காரங்கள்ல ஒருத்தர் பேரு சொல்லு, என் வெத்தலப் பெட்டிய உனக்கே தரேன்.

சரி, கெளம்பறியா? இருடா. போன தையில நான் 'ஹேய்… பா… பா…'ன்னு மாடு ஓட்டற மாதிரி கத்திக் காட்டுனேன். நீ போன நீட்டிக்கிட்டு நின்னே. அது மூணாவது பாட்டுல நாலு எடத்துல வருதுன்னு உன் தங்கச்சி சொல்லிட்டா. அந்தத் தாள்ல என் பேரையும் போடு. ஃபீச்சரிங் வேண்டாம், மேல போடு. மாட்டுக்கும் ஒரு பங்கு எழுது. அது செத்துப் பத்து வருஷம் ஆவுது, வாரிசு நான்தான்.