நடக்க விடுங்கப்பா!

எங்கள் கோட்டைப்பட்டினத்தில் காரணம் இல்லாமல் நடக்க முடியாது. பள்ளிவாசலுக்கு நடக்கலாம், மீன் ஏலத்துக்கு நடக்கலாம், மிமிசல் பஸ்ஸைப் பிடிக்க ஓடவும் செய்யலாம். சும்மா நடந்தால் மட்டும் வீட்டில் சண்டை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

"தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க" என்கிறார் டாக்டர். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது. இரண்டு பேருமே எங்கள் ஈசிஆரில் நடந்து பார்த்தவர்கள் இல்லை. சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கருவை முள், அந்தப் பக்கம் ராமேஸ்வரம் போகிற வேன். நடுவில் போகிறவனுக்கு இதயம் நன்றாகவே துடிக்கும். அதற்கு நடை காரணமில்லை.

தெருவுக்குள் நடந்தால் பாசம் மறிக்கும். "எங்கண்ணே போறீக? ஏறுங்க, விட்டுடுறேன்."

"சும்மா நடக்குறேன் தம்பி."

"ஏண்ணே, வண்டி ரிப்பேரா?"

மறுத்தால் கோபித்துக்கொள்வான். ஏறினால் எங்கே இறங்குவது என்று நான்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் டீக்கடையில். கூடவே வடை.

என் மனைவி புத்திசாலி, மொட்டை மாடியிலேயே சுற்றி வருகிறாள். அங்கே காயும் கருவாடு கேள்வி கேட்பதில்லை.

வேலையே நடையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 1953இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்டு எழுதினார். கண்டக்டர் டிக்கெட்தான் கொடுத்தார். பஸ்ஸில் மாடி இருந்தது, உடம்பு பிழைத்தது. எங்கள் விசைப்படகுக்காரர்களும் அப்படித்தான். ஐஸ் பெட்டி தூக்குகிறவருக்கு வாக்கிங் எதற்கு? ஏப்ரல் 15 முதல் 61 நாள்தான் அவர்களுக்குத் தடைக்காலம். கடையில் கல்லாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களுக்கு வருடம் முழுக்க.

2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் நடப்பதற்காக மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டை வரை பஸ்ஸில் போய்த் திரும்பினால், உட்கார்ந்த கணக்குதான் கூடும்.

ஆகவே நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நாலடி நடைபாதை போட்டுக் கொடுக்கட்டும். ஊர்க்காரர்களே, என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள், தப்பா நினைக்க மாட்டேன். மழை பெய்தால் மட்டும் நிறுத்துங்கள்.