வோக்கி வாங்கின மருமகனுக்கு

கொழும்புக்குப் போன நீ ஆறு வோக்கி-டோக்கியோட வந்திரிக்காய் எண்டு கேள்விப்பட்டன் மருமகன். நல்ல சங்கதி. நாவலடியில உன்ர கரைவலை இறங்கினா, தெற்குக் கயித்துக்காரனும் வடக்குக் கயித்துக்காரனும் ஆளையாள் ஏசுறது பாலமீன்மடு மட்டும் கேக்கும். இதுவரைக்கும் சும்மா ஏசினாங்கள். இனிக் காசு செலவழிச்சு ஏசட்டும்.

இது சண்டைக்கெண்டு பிறந்த சாமான் எண்டு நினைக்காத. 1937 இல கனடாவில டொனால்ட் ஹிங்ஸ் எண்ட மனிசன், ஒரு சுரங்கக் கொம்பனிக்காகத்தான் இதச் செய்தான். காட்டுக்குள்ள பறக்கிற விமானக்காரர் தங்களுக்குள்ள கதைக்கோணும் எண்டு. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் பட்டாளம் பறிச்சு முதுகில கட்டிக்கொண்டுது. எங்கட பக்கத்திலயும் சண்டைக் காலத்தில இதக் கையில வைச்சிருந்தவனக் கண்டா மத்தவன் வேலிக்குள்ளால பாய்ஞ்சான். நீ அப்ப தொட்டில்ல கிடந்தாய். அதாலதான் இப்ப இடுப்பில கொழுவிக்கொண்டு சந்திக்குச் சந்தி நிக்கிறாய்.

முதல்ல கடதாசியப் பாரு. "இப்ப ஆரும் வைச்சிருக்கலாம்" எண்டு கடைக்காரன் சொல்லியிருப்பான். அவன் வித்தவன், அப்பிடித்தான் சொல்லுவான். 1991 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இன்னும் உசிரோடதான் இரிக்கு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் தரோணும், எந்த அலைவரிசையில கதைக்கிற எண்டதையும் அவங்கதான் சொல்லோணும். பொலிசு மறிச்சா "மாமாதான் வாங்கச் சொன்னவர்" எண்டு மட்டும் சொல்லிப்போடாத மனே. எனக்கு வயசு போச்சி, கனக்க அயத்துப்போகும்.

அடுத்தது, உன்னிச்சைப் பக்கம் வெள்ளாமைக்குக் காவல் கிடக்கிற தம்பிக்காரனுக்கும் ஒண்டு குடுக்கப்போறியாம். பெட்டியில போட்டிருக்கிற தூரத்தப் படிச்சு மயங்கினாயாக்கும். கேளு. ஆள் உயரத்தில புடிச்ச வோக்கிக்கு 5 கிலோமீற்றர் மட்டிலதான் எட்டும், அதுக்கங்கால பூமி வளைஞ்சிரும். எதிர்ப்பக்கம் நிக்கிறவனுக்கும் அவ்வளவுதான். ரெண்டும் சேர்ந்தா 10. அதுவும் வெட்டவெளி வாவித் தண்ணிக்கு மேலால. நடுவில கண்டலும் தென்னையும் கல்வீடும் நிண்டா இன்னும் குறையும். வாவி 56 கிலோமீற்றர் நீளம், உன்ர சாமான் 5 வாற். பத்து வாற்றாக்கினாலும் பூமி உனக்காக நிமிராது. ஏறித்தான் ஆகோணும், அதிலயும் நாலு மடங்கு உயரம் ஏறினாத்தான் ரெண்டு மடங்கு தூரம் கிடைக்கும். எண்டாலும் ஒரு நன்மை சொல்லுறன். யானை வரக்குள்ள தம்பி எப்பிடியும் மரத்திலதான் இரிப்பான். அந்த நேரம் கொஞ்சம் கூட எடுபடும்.

சரி, கரைவலைக்கு வருவம். இதில ஒருத்தன் கதைச்சா மத்தவன் கேக்கோணும். ஒத்தத் தோணி போற வாய்க்கால், எதிர்த்தாப்போல இன்னொண்டு வந்தா ரெண்டும் நிண்டிரும். ரெண்டு பேரும் ஒரேநேரம் பட்டன அமத்தினா கீச்செண்ட சத்தம் வரும், இல்லாட்டிக் கிட்ட நிக்கிறவன்ட குரல் மத்தவன விழுங்கிப்போடும். எங்கட ஆக்கள் கலியாண வீட்டிலயே ஒருத்தன் முடிக்கமுதல் மத்தவன் தொடங்கிறவங்கள். விரல எடுக்கப் பழக்குறது மீன் புடிக்கப் பழக்குறதிலும் கஸ்டம்.

அதிலயும் பெரிய வில்லங்கம் ஒண்டிரிக்கு, வெள்ளக்காரன் இத யோசிச்சிருக்கவே மாட்டான். பட்டன அமத்தின உடன வாயத் திறந்தா முதல் சொல்லு பாதி போகாது. கதை முடியமுதல் விரல எடுத்தாக் கடைசிச் சொல்லு போகாது. நம்மட பாசையில 'வேண்டாம்' எண்ட சங்கதியெல்லாம் வாலிலதானே கிடக்கு? வடக்குப் பக்கம் முந்திப்போச்சி எண்டு கண்டு, வலைய நடத்துற தண்டயல் "இழுக்காத" எண்டு கத்துவார். அவசரத்தில விரல் கழண்டிரும். அங்கால "இழு" மட்டும் போய்ச் சேரும். அவங்கள் நெஞ்சு வெடிக்க இழுப்பாங்கள், வலை கோணும், மடிக்குள்ள வந்த கீரியும் பாரையும் மத்தப் பக்கத்தால நழுவிக் கடலுக்குப் போகும். மறுகா "நான் சொன்னன்", "நீ சொல்லல்ல" எண்டு ரெண்டு கிழமை வழக்கு. அதால 'இழுக்காத' எண்ட சொல்ல உன்ர வலையில இருந்தே ஒழிச்சிரு. இழு, நில். வேற கதை வேணாம். அமத்தி ஒரு மூச்சு விட்டுத் தொடங்கு, முடிச்சு ஒரு மூச்சு விட்டு விரல எடு. கேட்டவன் கேட்டதத் திருப்பிச் சொல்லட்டும். "ஓம் ஓம்" எண்டு சொல்ல விடாத. எங்கட ஊரில கேக்காதவன்தான் ரெண்டு தரம் ஓம் சொல்லுறவன்.

ரகசியக் குறி போட்டிரிக்கு, நம்மட கதை வெளிய போகாது எண்டும் சொன்னியாம். அந்தக் குறி மத்தவன்ட கதை உன்ர காதில விழாமத்தான் தடுக்கும். உன்ர கதை அவனுக்கு வடிவாக் கேக்கும். 'பெரிய பாடு, மூண்டு வண்டி வரச் சொல்லு' எண்டு நீ சொல்லி முடியமுதல் கல்லடிச் சந்தையில விலை விழுந்திரும். மாமியோட போட்ட சண்டையும் அதில போகக்கூடாது. போனா, வலை இழுக்கிறத விட்டுட்டு எல்லாரும் அதத்தான் கேப்பாங்கள்.

தண்ணிக்குப் பயமில்லாத சாமானாம். 1 மீற்றர் ஆழத்தில 30 நிமிசம் தாங்கும் எண்டு எழுதினவன் நல்ல தண்ணிய வைச்சுத்தான் சோதிச்சவன். உப்புத் தண்ணி சார்ச் ஏத்துற முனையத்தான் முதல்ல தின்னும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு வை. உன்ர மோட்டச்சைக்கிளக் கழுவுற கணக்கில இல்ல, மெய்யாக் கழுவு.

மத்தது, இத ஆருட்டக் குடுக்கப்போறாய்? கயிறு இழுக்கிறவனுக்கு ரெண்டு கையும் வேணும். வோக்கி கையில வந்தவன் அண்டையோட கயிற விட்டிருவான். நாலு நாளில வெள்ளைச் சட்டை போடுவான், அஞ்சாம் நாள் பங்கில முதலாளிக் கணக்குக் கேப்பான். ஆறு வோக்கி எண்டா ஆறு முதலாளி. இழுக்கிறது ஆரு? முன்னம் தண்டயல் சட்டையக் கழட்டி வீசிக் காட்டுவார், ஒருத்தன் அம்பாப் பாட்டு எடுப்பான், அத்தன கையும் ஒரே மூச்சில இழுபடும். அம்பா பாடுறவனும் கயித்திலதான் நிப்பான். கரைக்கு ரெண்டு, தோணிக்கு ஒண்டு, மூண்டு காணும்.

கேக்கப் பழகோணும் எண்டா எங்கட வாவிக்காரரப் பாரு. நிலவு காலத்தில கல்லடிப் பாலத்துக்கடியில துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மறுமுனையில காத வைச்சு மீன் பாடுறதக் கேட்டவங்கள். மைக்கேல் கல்லூரியில இருந்த அமெரிக்கப் பாதிரியார் லாங் 1950களில அத ஒலிப்பதிவும் செய்தவர். ஆரும் அந்த மீனுக்கு மறுமொழி சொல்லப் போகல்ல. அதாலதான் பாட்டுக் கேட்டுது.

மிச்சம் மூண்டிரிக்கு எண்டு கடைக்காரனிட்டத் திருப்பிக் குடுக்காத. ஒண்ட இஞ்ச கடப்படிக்கு அனுப்பிவிடு. நான் பட்டனத் தொடவே மாட்டன், சத்தியம். எத்தன வண்டி மீன் வருகுது எண்டு கேட்டுக்கொண்டு சும்மா இரிப்பன், மாமி கூடையோட முதல் ஆளாக் கரைக்கு வரக்குள்ள ஆச்சரியப்படாத.