தீவனச் சரக்கியல்

நாமக்கல் வட்டாரத்துத் தீவன மில்களில் வந்திறங்கும் சரக்கு நால்வகைப்படும். பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளம் இயற்சரக்கு. தாவணகெரேயிலிருந்து வருவது திசைச்சரக்கு. மத்தியப் பிரதேசத்துச் சோயா புண்ணாக்கு வடசரக்கு. இம்மூன்றில் எதுவும் வழியிலேயே நான்காவதான திரிசரக்கு ஆகிவிடலாம் என்பதால், அதை மட்டும் விரித்துரைப்பாம்.

திரிசரக்கின் விகாரம் மூன்று. முதலாவது தோன்றல். கருவாட்டில் மணல் தோன்றும். தவிட்டில் உமித்தூள் தோன்றும். இவை பாமரத் தோன்றல்கள். பண்டிதத் தோன்றல் யூரியா. ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். கருவாட்டுத் தூள் நூறு கிலோவில் ஒரு கிலோ யூரியா விழுந்தால், ஏறக்குறைய 3 சதவீதப் புரதம் காகிதத்தில் கூடிவிடும். மாட்டின் வயிறாவது அதில் கொஞ்சத்தைப் புரதமாக்கிக்கொள்ளும். கோழிக்கு அந்த வித்தை தெரியாது.

இரண்டாவது திரிதல். தவிடு சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். சோயா வேகாவிட்டால் செரிமானத்தைக் கெடுக்கும். கூடுதலாக வெந்தால் லைசின் வீணாகும். வேக்காட்டைப் பார்க்கும் யூரியேஸ் சோதனையில் துளியும் சிவக்காத சோயாவைப் புகழ்வோர், அது தீய்ந்ததாகவும் இருக்கலாம் என்பதை மறப்பர்.

மூன்றாவது கெடுதல். ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டிய சோளத்தில் பூஞ்சை ஏறும். அதன் நஞ்சு அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில், பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்த பிறகே அந்த நஞ்சு பிடிபட்டது.

சப்ளையர் மூவிடத்தார். லோடோடு தானே வந்து நிற்பவர் தன்மை. “அண்ணே, நம்ம சரக்குல குறையே சொல்ல முடியாது” என்று போனில் மட்டும் பேசுபவர் முன்னிலை. பில்லில் மட்டும் காணப்படுபவர் படர்க்கை. லோடு திருப்பப்பட்டால் மூவரும் படர்க்கையே.

இவர்களைச் சராசரியால் எடைபோடுவது பிழை. எப்போதும் 8 சதவீதப் புரதச் சோளம் தருபவரை நம்பிக் கலவை போடலாம். ஒரு லோடு 7, அடுத்தது 9 என்று தருபவரை நம்ப முடியாது. கணினியோ இருவர் சோளத்துக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, மலிவான கலவையைப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை கணக்கிட்டுக் கொடுக்கும். அது லாரியில் ஏறிப் பார்த்ததில்லை.

மாதிரி எடுக்கும் குத்தூசிக்கு விதி ஒன்றே: ஓரத்து மூட்டையில் எல்லாச் சரக்கும் இயற்சரக்கு. தார்ப்பாயை விலக்கி, நடு அடுக்கில் குத்துக.

புறனடை: விடிந்தால் கோழிக்குத் தீனி இல்லை என்ற இரவில், இரண்டு மணிக்கு வந்து நிற்கும் லாரி மேற்கண்ட எவ்விதிக்கும் உட்படாது. கிலோவுக்கு ஐம்பது காசு குறைத்து இறக்கப்படும்.